சிறப்புப் பெறுதற்கு உரியார் யாவர்?

(நமது சங்கத்து இளைஞர் கால்பந்துக் கழகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

பதக்கம் சூட்டுதற்கு முன்னர் ஒருவர் சில சொற்கள் கூறுதல் வழக்கம். அப்பணியை நிர்வாகக் குழுவினர் இம்முறை எம்பால் ஒப்புவித்தனர். தமிழாசிரியர்க்குக் கால்பந்தைப்பற்றி என்ன தெரியும் என்று உங்களுட் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கத் தக்கதே. இளமையில் யாம் பந்தை உதைத்ததினும் பந்து எம்மை உதைத்ததே மிகுதி. ஆயினும் நான்கு ஆண்டுகளாக இக்கழகத்தின் ஆட்டக் குறிப்பேடு எம் கையிலேயே இருந்து வருகின்றது. எல்லைக் கோட்டின் ஓரத்தில் குடை பிடித்து நின்று அதனை எழுதி வந்தோம் என்னும் உரிமை ஒன்றைக் கொண்டே ஈண்டுப் பேசத் துணிந்தோம்.

அக்குறிப்பேட்டில் ஒரு குறை உண்டு. கோல் போட்டவர் பெயரை எழுதுதற்கு அதிற் கட்டம் உளது; கோல் ஆகாவண்ணம் தடுத்தவர் பெயரை எழுதுதற்குக் கட்டம் இல்லை. பந்தைத் தான் கொண்டு செல்லாது தோழனுக்குத் தள்ளிக் கொடுத்தவன், எதிரியின் காலடியில் விழுந்து மறித்தவன், ஆண்டு முழுதும் பலகையில் அமர்ந்து ஒரு நாளும் முகம் வாடாதவன் ஆகிய இவர்களையெல்லாம் யாம் ஓரத்து வெற்றிடத்தில் சிற்றெழுத்தால் எழுதி வந்தோம். இஃது எமது குறிப்பேட்டிற்கு மட்டும் உரிய குறை அன்று. பிரான்சு நாட்டு இதழொன்று 1956 ஆம் ஆண்டில் தொடங்கிய தங்கப் பந்து விருதினை இதுகாறும் பெற்ற ஆடவருள் கோல் காப்போர் ஒரே ஒருவர்தாம்; அவர் 1963 ஆம் ஆண்டில் அதனைப் பெற்ற சோவியத் நாட்டு லெவ் யாஷின். உலகத்தார் கண்ணும் பந்து வலைக்குள் புகும் இடத்தையே நோக்குகின்றது.

நம் முன்னோர் சிறப்புச் செய்த முறையைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். ஆநிரையைக் காத்து வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுதலைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறையாக வகுத்துக் கூறும். கல்லைத் தேர்ந்து காண்பதும், நீராட்டுவதும், நட்டு வழிபடுவதும் தனித்தனித் துறைகள். ஒரு வீரனைச் சிறப்பிப்பதை அவர்கள் எத்துணை பெருஞ்செயலாகக் கருதினர் என்பது இதனால் விளங்கும். செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனது எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, இன்னான் எவ்வாறு பட்டான் என்று அவை வட்டெழுத்திற் பேசுகின்றன. ‘சிறந்த வீரன்’ என்று மட்டும் பொறித்து விடுதல் அவர்கட்குப் போதவில்லை. நமது பதக்கத்திலோ ‘சிறந்த ஆட்டக்காரர்’ என்னும் இரு சொற்களே ஆண்டுதோறும் அச்சுப்போல் வருகின்றன. பெயரோடு செயலையும் பொறித்தல் வேண்டும் என்று குழுவினரை வேண்டினோம், அவர்களும் இசைந்தனர். பொறிப்பவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டபோது பொருளாளர் முகம் சிறிது மாறியது உண்மையே. ஆயினும் தந்துவிட்டார்.

இவ்வாண்டு அரையிறுதி ஆட்டத்தில் பெனால்டி உதையைத் தவற விட்ட பிள்ளை இவ்வவையில் எங்கோ தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கின்றான் என்பதை அறிவோம். அவனுக்காக ஒன்று சொல்லுவோம். 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டார் பிரான்சு அணியோடு ஆடினர். பலர் வெறுங்காலோடு ஆடினர். சாரங்கபாணி இராமன் நமக்கு ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டி உதைகள் கிடைத்தும் இரண்டும் வீணாயின. நாம் 1-2 எனத் தோற்றோம். தவற விட்ட இருவருள் ஒருவர் சைலேன் மன்னா. அவரை நாட்டார் ஒதுக்கிவிடவில்லை. 1951 ஆம் ஆண்டு தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவிற்கு அவரையே தலைவராக்கினர். அவர் தலைமையில் இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றனர். அவர் ஆடிய மோகன் பகான் கழகம் 2001 ஆம் ஆண்டில் தன் ‘இரத்தினம்’ என்னும் விருதை ஏற்படுத்தியபோது முதலில் அவருக்கே அளித்தது. தம்பி, தலையை நிமிர்த்திக்கொள்.

இனி, சொல்லுதற்குச் சிறிது கடினமான பொருளுக்கு வருகின்றோம்.

நமது கழகத்தில் கோல் காக்கும் பிள்ளை நம் சமூகத்தான் அல்லன், அடுத்த தெருவினன். இது நீங்கள் அறிந்ததே. மூன்று ஆண்டுகட்கு முன் நம் பிள்ளைகளுள் கோலில் நிற்க ஒருவரும் முன்வரவில்லை. எல்லார்க்கும் முன்னே ஓடவே விருப்பம். அந்நாளில் மதிலின்மேல் அமர்ந்து வேடிக்கை பார்த்திருந்த அவனைக் கூவி அழைத்தவர் நாமே. மழையில் நடந்த இறுதியாட்டத்தில் விரல் பிசகியதை ஒருவர்க்கும் சொல்லாது துணி சுற்றிக்கொண்டு கடைசி வரையில் நின்றான். அக்கோப்பைதான் இம்மேசைமேல் இருக்கின்றது. எம் குறிப்பேட்டின் ஓரத்தில் அவன் பெயர் எழுதப்படாத பக்கம் அரிது.

ஆயினும், பதக்கம் சங்க உறுப்பினர் மக்கட்கே உரியது, அவனுக்கு ஒரு சட்டை எடுத்து விழா முடிந்தபின் தனியே கொடுத்து விடலாம் என்று குழுவில் ஒரு கருத்து எழுந்தது. அவ்வாறு கூறியோர் கொடியவர் அல்லர். உறுப்பினர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் நம் பிள்ளைகட்கே பயன்பட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதில் நியாயம் உண்டு. படிப்புக்குரிய உதவித்தொகை நம்மவர்க்கே ஆகுக. எமக்கு மாறுபாடு இல்லை. ஆனாற் பதக்கம் உதவி அன்று. அவன் உழைப்பால் நாம் பெற்ற கோப்பைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது. கடனை இருட்டில் வைத்தோ சட்டையாகவோ தீர்த்தல் தகுமோ?

கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் என்னும் கழகம் உளது. 1920 ஆம் ஆண்டில் ஜோராபகான் கழகத்தார், மோகன் பகானோடு ஆடவிருந்த ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்பவரைத் தக்க காரணம் கூறாது விலக்கினர். அவர் கிழக்கு வங்கத்தார் என்பதே காரணம் எனக் கருதப்பட்டது. மனம் பொறாத துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி அக்கழகத்தை விட்டு நீங்கினார்; அவரும் தோழரும் சேர்ந்து அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் இக்கழகத்தை நிறுவினர். தம் நாட்டவர் என்னும் உணர்ச்சியினாலேயே பிறந்த கழகம் அது. நம் கழகமும் அன்னதே.

அக்கழகத்தார் பின்னர்ச் செய்தது யாது? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமதுகான், சாலே என்னும் ஐவரை முன்னணியில் ஆட வைத்தனர். ஐவரும் தென்னாட்டினர், ஒருவரும் வங்காளியர் அல்லர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயம் அக்கழகத்திற்கு வந்தது. அவ்வைவர்க்கும் வங்காளத்தார் இட்ட பெயர் ‘பஞ்ச பாண்டவர்’ என்பது. ஐவருள் இருவர் இஸ்லாமியர். அவர்களும் பாண்டவரே ஆயினர். தம் பிள்ளை ஒருவன் விலக்கப்பட்டான் என்று வெகுண்டு எழுந்தவர்கள், வேற்று நாட்டுப் பிள்ளைகளை விலக்காது தம் வீட்டுக் கதையின் பெயரையே சூட்டி வைத்தனர். அதனால் கிழக்கு வங்கத்தார் தம் அடையாளத்தை இழந்துவிடவில்லை. அக்கழகம் இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது.

தலைவர் அவர்கள் நேற்று எம்மிடம், ‘அவையோர் மனம் அறிந்து செய்வோம்’ என்றார்கள். மேசைமேல் உள்ள பதக்கங்களுள் ஒன்றில் இன்னும் ஒன்றும் பொறிக்கப்படவில்லை. பொறிக்க வேண்டிய சொற்களை ஒரு தாளில் எழுதித் தலைவர் அவர்கள்பால் கொடுத்திருக்கின்றோம்: அவன் பெயர், இறுதியாட்டத்தின் நாள், ‘பிசகிய விரலோடு கோல் காத்தான்’ என்னும் தொடர். அதற்குரிய கூலியை யாமே தருவோம். பொருளாளர் கவலுதல் வேண்டா.

நாற்காலிகள் உறுப்பினர்க்கே போதாமையால் அப்பிள்ளை தன் தாயோடு வாயிலருகே நின்றுகொண்டிருக்கின்றான். முதற் பதக்கத்திற்கு அவனை அழைத்தல் வேண்டும் என்று தலைவர் அவர்களை வணக்கத்துடன் கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.