மாமாவோட ஏர் ரைஃபிளும் ஒரு டீபக்கிங் கதையும்

போன மாசம் ஒர்க் ஃப்ரம் ஹோம்ல ராசிபுரம் போயிருந்தேன். மாமா அவரோட ஸ்கோப் வச்ச ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை என் கையில கொடுத்துட்டு, "நீயே வச்சுக்க மாப்ள. கை நடுங்குது, வயசாயிருச்சு"ன்னாரு. தோட்டத்து மண்மேட்டுல பேப்பர் ஒட்டிச் சுடறது அவருக்கு இருபது வருஷப் பழக்கம். (வேட்டை இல்லைங்க. 1972 சட்டப்படி அது குற்றம். இது 0.177 அங்குலம், 20 ஜூலுக்குள்ள, லைசென்ஸ் தேவைப்படாத ரகம்.)

அவர் என்ன பண்ணிட்டிருந்தாருன்னு பார்த்தேன். ஒரு குண்டு இடப்பக்கம் போனா ஸ்கோப் டரெட்டை வலப்பக்கம் திருப்புவாரு. அடுத்தது மேல போனா கீழ திருப்புவாரு. ஒரே ஒரு எரர் லாகைப் பார்த்துட்டு புரொடக்‌ஷன்ல கை வைக்கற ஆள் மாதிரி!

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் ஞாபகம் இருக்கா? ஃபைனலுக்கு முன்னாடி அபினவ் பிந்த்ரா போட்ட சோதனைக் குண்டு மையத்தை விட்டு ரொம்பத் தள்ளி விழுந்துச்சு. கொஞ்ச நேரம் முன்னாடிதான் அதே துப்பாக்கியில 600-க்கு 596 எடுத்திருந்தாரு. அதனால கையைச் சந்தேகப்படல. சைட் நகர்ந்திருக்குன்னு முடிவு பண்ணித் திருத்தினாரு. ஃபைனல்ல முதல் குண்டு 10.7, கடைசி 10.8. தங்கம்.

அவர் சைட்டைத் திருப்பினது சரி, மாமா திருப்பினது தப்பு. ஏன்? குண்டெல்லாம் நெருக்கமா, ஆனா வேற இடத்துல விழுந்தா சைட் பிரச்சினை. சிதறி விழுந்தா டரெட்டைத் தொடவே கூடாது, காரணம் வேற எங்கயோ இருக்கு.

அதனால முதல்ல ஆளை மாத்தினோம். 20 மீட்டர்ல நான் அஞ்சு குண்டு போட்டேன். சாத்துக்குடி சைஸுக்குச் சிதறல். மாமா முகத்துல ஒரு நிம்மதி. "அப்ப என் கை இல்லையா?"

ஒவ்வொண்ணா பார்த்தோம். கட்டையைப் பிடிக்கற ஸ்க்ரூ ரெண்டு லூஸ். ஸ்பிரிங் ரைஃபிள் முன்னயும் பின்னயும் உதைக்கும், அதுல ஸ்க்ரூ தளர்றது சகஜம்; சாதாரண ஸ்கோப்பே உள்ளுக்குள்ள உடைஞ்சு போகும். இறுக்கினோம். அப்புறம், அவர் மரப்பலகை மேல வச்சுச் சுடுவாரு. இந்த ரகத்துக்கு அது ஆகாது, உள்ளங்கையில லேசா தாங்கணும். கடைசியா வேற பெல்லட். ஒரே சமயத்துல எல்லாத்தையும் மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது, அதனால ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பேப்பர்.

சாயங்காலம் என் அஞ்சு குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள்ள.

மாமா சுட்டாரு. உளுந்து வடை சைஸ்.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. அதே துப்பாக்கி, அதே பெல்லட். மிச்சம் இருக்கற ஒரே மாற்றம் அவர்தான். தயங்கித்தான் கேட்டேன், "ஸ்கோப்புக்குள்ள என்ன தெரியுதுங்க மாமா?"

"கோடு தண்ணிக்குள்ள கிடக்கற மாதிரி இருக்கும் மாப்ள. எல்லாருக்கும் அப்படித்தானே?"

கண்ணுக்குத் தகுந்த மாதிரி ஸ்கோப்போட பின் வளையத்தைத் திருப்பிப் பார்த்தோம், தெளியல. மறுநாள் சேலத்துல கண் டாக்டர். வலது கண்ணுல புரை.

அடுத்த வாரம் ஆபரேஷன். துப்பாக்கி இப்ப என் ரூம்லதான் இருக்கு. "டரெட்டைத் தொட்டுறாத"ன்னு என்கிட்டயே சொல்லிட்டுப் போயிருக்காரு.