கரும்புத் தோட்டத்தில் பிறந்த ஆட்டக்காரர்



ஆகஸ்டு 26ஆம் நாள் ஜோ சாலமன் என்னும் கிரிக்கெட் ஆட்டக்காரரின் பிறந்த நாள். காற்பந்தையே பெரிதும் விரும்பும் நம்மில் பலர் இப்பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டோம். ஆயினும் அவர் நமக்கு அந்நியரல்லர். தென் அமெரிக்காவின் வடகரையில், அந்நாளில் பிரிட்டிஷ் கயானா எனப்பட்ட நாட்டில், போர்ட் மோரண்ட் என்னும் கரும்புத் தோட்டப் பகுதியில் 1930இல் பிறந்தவர். 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய மக்களின் வழித்தோன்றல்.

அக்காலத்தில் நாட்டின் அணிக்குத் தலைநகரத்துக் கழகத்தாரே பெரும்பாலும் தெரிவு செய்யப்பட்டனர். தோட்டத்துப் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கண்டுகொள்வார் அரிது. 1954இல் சர்க்கரை உற்பத்தியாளர் சங்கம், தோட்டங்களில் கிரிக்கெட்டை வளர்க்கப் புகழ்பெற்ற வீரர் கிளைட் வால்காட்டை அமர்த்தியது. அதன் பின்னரே நிலைமை மாறிற்று. ரோகன் கன்ஹாய், பேசில் புட்சர், சாலமன் ஆகிய மூவரும் அவ்வொரே ஊரிலிருந்து மேற்கிந்திய அணிக்குச் சென்றனர். நாட்டின் அணிக்கு முதன்முதலாக ஆடிய மூன்று முறையும் சாலமன் நூறு ஓட்டங்களைக் கடந்தார். திறமை முன்பே இருந்தது. காண்பதற்குத்தான் ஆளில்லை என்றே நாம் கருதுகிறோம்.

1960 டிசம்பர் 14ஆம் நாள் மாலை, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர். மேற்கிந்திய அணியின் தலைவர் பிராங்க் வோரல். ஒரு தொடர் முழுமைக்கும் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமையேற்றது அதுவே முதன்முறை. வெற்றிக்கு 233 ஓட்டங்கள் தேவைப்பட்ட ஆஸ்திரேலியா அதனை நெருங்கிக்கொண்டிருந்தது. 80 ஓட்டங்கள் குவித்து நின்ற டேவிட்சனைச் சாலமன் நேரே விக்கெட்டில் எறிந்து வெளியேற்றினார். வெஸ் ஹால் கடைசி எட்டுப் பந்துகளை வீச வந்தபோது, வேண்டியவை ஆறு ஓட்டங்கள். எஞ்சியவை மூன்று விக்கெட்டுகள். ஆறு பந்துகளில் இரு விக்கெட்டுகள் வீழ்ந்தன, ஓட்டங்களும் சமமாயின. ஏழாம் பந்தைக் கிளைன் தட்டிவிட, மெக்கிப் ஓடினார். பக்கவாட்டில் நின்ற சாலமனுக்கு மூன்று குச்சிகளும் ஒன்றாய் மறைந்து, ஒரு குச்சியின் அகலமே தெரிந்தது. கல்லெறிந்து மாங்காய் வீழ்த்தியவர்கள் அதன் அருமையை அறிவார்கள். எறிந்தார், குச்சி சாய்ந்தது.

இரு அணிகளுக்கும் மொத்தம் 737 ஓட்டங்கள். 1877இல் தொடங்கிய டெஸ்ட் ஆட்டங்களுள் சமநிலையில் முடிந்த முதல் ஆட்டம் இதுவே. இரண்டாவது, 1986 செப்டம்பரில் சென்னைச் சேப்பாக்கத்தில் நிகழ்ந்தது. மூன்றாவது இன்றுவரை இல்லை. சாலமன் 2023 டிசம்பரில், தமது 93ஆம் வயதில் காலமானார்.