படுக்குமுன் படியேறிப் பார்ப்போம்

(தாராவியில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றியும் குடிசை மாற்றத்தைப் பற்றியும் இந்த மேடையில் நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது நர்ஸிங் ஹோம்களைப் பற்றி. மளிகைக் கடைக்கு மேல் மாடியிலும், நகைக்கடைக்குப் பக்கத்துச் சந்திலும், சிவப்பு விளக்குப் பலகை மாட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அவற்றைப் பற்றி. "இதெல்லாம் சங்கத்தின் வேலையா?" என்று இரண்டொரு தோழர்கள் கேட்டார்கள். ஓராண்டுச் சேமிப்பும், தாலிக்கொடியும், ஊரில் கிடக்கும் அரை ஏக்கர் நிலமும் ஐந்தே நாளில் போய்ச் சேருகிற இடம் சங்கத்தின் வேலை இல்லையென்றால் வேறு எது சங்கத்தின் வேலை என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

நம் மக்கள் ஏன் அங்கே போகிறார்கள்? கூப்பிடு தூரத்தில் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரி அது. கைதேர்ந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. அன்றாடங்காய்ச்சிக்கு ஒருநாள் வரிசை என்றால் ஒருநாள் கூலி போயிற்று. கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் நம்மிலேயே உண்டு. இந்தியும் மராத்தியும் சரளமாக வராத நம் தாய்மார்கள் வயிற்றுவலியை எந்த மொழியில் சொல்வார்கள்? நர்ஸிங் ஹோமிலோ கம்பவுண்டர் தமிழ் பேசுகிறார், "வாங்கம்மா, உட்காருங்க" என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே போகிறார்கள். அது குற்றமல்ல. மக்கள்தொகைக்கு ஏற்ற கட்டில்களைப் போடாத ஆட்சியாளர்கள்தாம் நம்மை அந்தப் படிக்கட்டில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஆனால் நாமாக ஏறுவது பாதி, ஏற்றிவிடப்படுவது பாதி. நோயாளியை அனுப்பிவைக்கிறவருக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் இந்த ஊரில் உண்டு. அதற்குக் 'கட்' என்று பெயரும் உண்டு. 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதிகள் டாக்டர்கள் இப்படிப் பங்கு கொடுப்பதையும் வாங்குவதையும் தடுத்திருக்கின்றன. இருந்தும் அது நின்றபாடில்லை. ஆகவே யாராவது ஒருவர் மிகுந்த அக்கறையோடு, "அங்கேதான் போக வேண்டும், வேறெங்கும் போகாதே" என்று சொன்னால், "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நர்ஸிங் ஹோம் நடத்தச் சட்டம் இல்லை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சட்டம் 1949-லேயே வந்துவிட்டது. பம்பாய் நர்ஸிங் ஹோம் பதிவுச் சட்டம் என்று அப்போது பெயர். இப்போது மகாராஷ்டிரப் பெயரில் இருக்கிறது. பதிவு செய்யாமல் நடத்தக்கூடாது. பிரசவ விடுதியென்றால் தகுதி பெற்ற மருத்துவச்சி இருக்க வேண்டும். மாநகராட்சியின் சுகாதார அதிகாரி உள்ளே புகுந்து சோதனை போடலாம். எல்லாம் ஏட்டில் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்குப் போய், கோர்ட்டு உத்தரவின் பேரில் ஒரு குழு இறங்கிப் பார்த்தபோதுதான், குடியிருப்பு வீடுகளிலே நடக்கும் ஆஸ்பத்திரிகள், பயிற்சி பெற்ற நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரிகள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நாற்பது ஆண்டு சட்டம் தூங்கியது. தட்டி எழுப்பியவர்கள் பாதிக்கப்பட்டவர்கள்!

2021-இல் மகாராஷ்டிர அரசு விதிகளைத் திருத்தியது. நோயாளியின் உரிமைகளை எழுதி மாட்ட வேண்டும், கட்டண விவரத்தை எழுதி மாட்ட வேண்டும், தங்கள் கடையிலேயே மருந்து வாங்கு என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பவையெல்லாம் அதில் இருக்கின்றன. ஆகவே உள்ளே நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். பிள்ளையார் படத்துக்கும் நாள்காட்டிக்கும் நடுவில் பதிவுச் சான்றிதழ் தொங்க வேண்டும். அதிலே யார் பெயர் இருக்கிறது, எத்தனை கட்டில் போட்டிருக்கிறது, எந்தத் தேதியோடு முடிகிறது என்று மூன்றையும் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு கட்டில்களை எண்ணுங்கள்.

கட்டில் எண்ணுவது என்ன பெரிய காரியம் என்று நினைக்க வேண்டாம். 2024 மே 25-ஆம் நாள் இரவு தில்லியில், விவேக் விகார் என்ற பகுதியில், பச்சிளங் குழந்தைகளுக்கான ஒரு தனியார் ஆஸ்பத்திரி தீப்பற்றி எரிந்தது. 7 குழந்தைகள் மாண்டார்கள். அனுமதி 5 கட்டிலுக்கு. உள்ளே இருந்ததோ 12 குழந்தைகள். உரிமம் மார்ச் 31-லேயே முடிந்துவிட்டது. தீயணைப்புத் துறையின் சான்று இல்லை. அவசர வழி இல்லை. ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் வெடித்தன. அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களில் ஒருவராவது சுவரில் இருந்த தேதியைப் பார்த்துக் கேட்டிருக்கலாமே என்று சொல்ல நமக்கு வாய் வராது. பிள்ளை மூச்சுத் திணறும்போது எந்தத் தாய் சுவரைப் படிப்பாள்? அதனால்தான் நோய் வருவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்கிறோம்.

தீயைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் நாம் இருப்பதே தீயோடுதான். இங்கிருந்து ரயிலில் போகிற தூரத்தில், விராரில், 2021 ஏப்ரல் 23 அதிகாலையில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ பிடித்தது. குளிர்சாதன எந்திரத்தில் தொடங்கியது என்றார்கள். கொரோனாவுக்காகச் சேர்ந்திருந்த 13 பேருக்கு மேல் இறந்தனர். பெரிய ஆஸ்பத்திரி என்றால் பயமில்லை என்றும் எண்ணாதீர்கள். 2011 டிசம்பர் 9 அன்று கல்கத்தாவில் ஏழு மாடி ஆஸ்பத்திரியில் அடித்தளத்திலே குவித்து வைத்த பொருள்கள் எரிந்து, புகை மேலே ஏறி, மூடிய கண்ணாடிச் சன்னல்களுக்குள் மூச்சடைத்து 90 பேர் அளவில் மாண்டார்கள். கொன்றது நெருப்பைவிடப் புகைதான்.

ஆகவே என்ன பார்ப்பது? ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு. இறங்குவதற்கு இன்னொன்று உண்டா? அந்த இரண்டாவது கதவு பூட்டிக் கிடக்கிறதா, அல்லது பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா? நடக்க முடியாத ஒரு பெரியவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து அந்தப் படியில் திருப்ப முடியுமா? சன்னல் திறக்கிறதா, இரும்புக் கிராதி போட்டு அடைத்திருக்கிறதா? தீயணைப்பான் உருளையில் ஒட்டியிருக்கும் சீட்டில் தேதி என்ன? சிலிண்டர்களைச் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறார்களா, சமையலறைப் பக்கம் உருட்டி விட்டிருக்கிறார்களா? கரண்டு போனால் ஜெனரேட்டர் உண்டா? இவற்றைப் பார்க்க எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டியதில்லை. மில்லிலும் தோல் பட்டறையிலும் வேலை செய்த நமக்குத் தப்பிக்கும் வழி எது என்று கண்ணாலேயே தெரியும்.

அடுத்தது டாக்டர். வாசல் பலகையில் பத்துப் பெயர் எழுதியிருக்கும். பத்துப் பேரும் வருவார்கள்தான், கூப்பிட்டால், போக்குவரத்து நெரிசல் விட்டால். நமக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரவு இரண்டு மணிக்கு உள்ளே இருப்பவர் யார்? அவர் என்ன படித்தவர்? ஐ.சி.யூ. என்று எழுதியிருந்தால் அங்கே இரவு முழுவதும் விழித்திருப்பவர் தீவிர சிகிச்சை தெரிந்தவரா? ஆயுர்வேதமும் ஓமியோபதியும் படித்தவர்களை நாம் இழிவாகச் சொல்லவில்லை. நம் பாட்டிமார் கைவைத்தியத்தில் வளர்ந்தவர்கள்தாம் நாம். ஆனால் அவரவர் கற்றதை அவரவர் செய்ய வேண்டும். இதே பம்பாயில் 1992-இல் காய்ச்சலுக்கு ஓமியோபதி டாக்டரிடம் போன ஒருவருக்கு அவர் ஆங்கில மருந்து கொடுத்துப் பார்த்தார், நோயாளி இறந்தார். மனைவி விடவில்லை. பூனம் வர்மா வழக்கு என்று அதற்குப் பெயர். 1996-இல் உச்சநீதிமன்றம், தான் கற்காத முறையில் வைத்தியம் செய்வதே கவனக்குறைவுதான் என்று சொல்லி, 3 லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

பகலில் போய்ப் பார்ப்பவர்கள் நர்ஸ்களை எண்ணுகிறார்கள். இரவில் எண்ணுங்கள். வெள்ளை உடை போட்ட எல்லாரும் நர்ஸ் அல்லர். நேற்று வரை பாத்திரம் துலக்கிய பெண்ணை இன்று ஊசி போடச் சொல்லும் இடங்கள் உண்டு. அந்தப் பெண்ணும் நம் சாலைச் சேர்ந்தவள்தான், மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவள், அவள்மேல் கோபப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஓர் ஆஸ்பத்திரியின் உண்மை நிலை அங்கே வேலை செய்யும் ஆயாவுக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது.

சுத்தத்தைத் தரையின் பளபளப்பில் தேட வேண்டாம். கழிவறையிலும் குப்பைக் கூடையிலும் தேடுங்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவக் குப்பையை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும்: இரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் பையில், பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்பில், ஊசிகள் துளைபடாத வெள்ளை டப்பாவில். ஊசி சாதாரணக் குப்பையில் கிடந்தால், அதைப் பொறுக்கப் போவது நம் தெருப் பிள்ளைதான். ஊசி போடுமுன் உறையை நம் கண்ணெதிரே கிழிக்கிறார்களா, கை கழுவுகிறார்களா, அறுவைக் கருவிகளை நீராவியில் வேகவைக்கும் எந்திரம் ஓடுகிறதா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில், கேட்காவிட்டால் என்ன செய்வார்கள்?

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரசவத்துக்கு இடம் பார்க்கும்போது, ஏழாம் மாதத்திலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இரத்தம் தேவைப்பட்டால் எந்த இரத்த வங்கியிலிருந்து, எவ்வளவு நேரத்தில் வரும்? மயக்க மருந்து டாக்டர் எங்கே இருக்கிறார்? குழந்தை அழாவிட்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில் அனுப்புவீர்கள்? கடைசி நேரத்தில், நிலைமை கைமீறிய பிறகு, ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து "சயானுக்குக் கொண்டு போ" என்று வாசலில் விட்டுவிடும் பழக்கத்தை நாம் பார்த்திருக்கிறோம். எந்த நேரத்தில் என்ன மருந்து கொடுத்தோம் என்று எழுதாத சீட்டு, அடுத்த டாக்டரின் கண்ணைக் கட்டிவிடுகிறது.

பணம். சேர்க்குமுன் கட்டணப் பலகையைப் பாருங்கள். தினம் மாலையில் அன்றைய கணக்கைக் கேளுங்கள். வரி வரியாக எழுதிய பில் இல்லாமல் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதத்தை நம் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். என்ன செய்யப் போகிறோம், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று விளக்கிய பிறகு வாங்கும் சம்மதந்தான் சம்மதம் என்று 2008-இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் பாக்கி என்று நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வரைந்த நோயாளர் உரிமைப் பட்டயம் கூறுகிறது. சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002 விதி. விபத்தில் அடிபட்டவனை, போலீஸ் வரட்டும், பணம் வரட்டும் என்று காக்க வைக்கக் கூடாது என்று 1989-லேயே தீர்ப்பு இருக்கிறது.

தவறு நடந்தால்? நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காசு கொடுத்துப் பெறும் வைத்தியமும் அதற்குள் அடங்கும் என்பது 1995-இலேயே முடிவானது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கோர்ட்டுக் கட்டணம் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நமக்கென்றே வைத்ததுபோல் ஒரு வசதி இருக்கிறது: நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வைத்தியம் பம்பாயில் நடந்திருந்தாலும், வேலை போய்த் திருநெல்வேலிக்கே திரும்பிக் குடியேறிவிட்டவர் அங்கே போடலாம்.

இப்போது ஒரு கசப்பான விஷயம். செயற்குழுவிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. "அந்த டாக்டர் நமக்குக் கடன் சொல்லி வைத்தியம் பார்க்கிறவர், பொங்கல் விழாவுக்கு நன்கொடை தருகிறவர், அவர் இடத்தைப் போய்ச் சோதனை போடுவதா?" என்றார்கள். இது சாதாரண எதிர்ப்பு அல்ல. நடு இரவில் கதவைத் தட்டினால் திறக்கிற ஒரே டாக்டரைப் பகைத்துக்கொண்டு நம்மால் இங்கே வாழ முடியாது, அது உண்மை. ஆனால் நன்கொடை ரசீது பதிவுச் சான்றிதழ் ஆகாது. நல்லபடி நடத்துகிறவருக்கு நாம் போய்ப் பார்ப்பதால் நட்டமில்லை. நம் நோட்டுப் புத்தகத்தில் அவர் பெயர் முதலில் வரும், கூட்டமும் அவரிடம் போகும். மற்றவருக்குச் சங்கடந்தான். அந்தச் சங்கடம் அவருக்கு வரட்டும்.

ஆகவே, ஒவ்வொரு சந்திலிருந்தும் இரண்டு தாய்மார்கள், எழுதத் தெரிந்த ஒரு இளைஞர் என்று மூன்று பேர் கொண்ட குழுக்களை இன்று அமைக்கிறோம். அடுத்த ஞாயிறுகளில் 90 அடி சாலை, கும்பார்வாடா, லேபர் கேம்ப்புப் பக்கங்களில் உள்ள நர்ஸிங் ஹோம்களுக்குப் போவார்கள். சண்டை வேண்டாம், வணக்கம் சொல்லி, பார்க்க அனுமதி கேட்டு, பார்த்ததை எழுதி வர வேண்டும். அனுமதி மறுத்தால் அதையும் எழுத வேண்டும். ஒரு முறை பகலில், ஒரு முறை இரவு பத்துக்கு மேல்.

கூடவே, ஜி வடக்கு வார்டு ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போகிறது: நமது பகுதியில் பதிவு பெற்ற நர்ஸிங் ஹோம்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கட்டில், கடைசியாகச் சோதனை நடந்த தேதி எது? மகாராஷ்டிரத்தில் இந்த மனு 150 சொல்லுக்குள் இருக்க வேண்டுமாம்! நம் தோழர்கள் எழுதிய முதல் வரைவு மூன்று பக்கம் வந்துவிட்டது, சுருக்கிக்கொண்டிருக்கிறார்கள். 10 ரூபாய் கட்டணம் சங்கச் செலவு. 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் அந்தப் பட்டியலையும் குழுக்களின் நோட்டுப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வேறுபாடு எங்கே இருக்கிறதோ அதை எழுதிக்கொண்டு சுகாதார அதிகாரியைப் பார்க்கப் போவோம். போகிற நாளை இந்த ஏட்டில் அறிவிப்போம். இரவுக் குழுவில் பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் உள்ள மேசைக்கு வாருங்கள்.