பிரசவ அறையில் ஏன் இந்த வசவு?
(தருமபுரி மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பென்னாகரத்திலும் அரூரிலும் கூலிப் பெண்கள் நம்மிடம் சொல்வது ஒன்றுதான். வலியில் கத்தினால் வசவு; தொடையில் அடி; பிள்ளையைக் கையில் கொடுக்கக் காசு. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை! பிழைத்தது போதுமென்று வாய்மூடி வீடு திரும்புகிறோம்.

அரசாங்க ஆஸ்பத்திரி யாரும் போடும் பிச்சையல்ல. சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் நாம் கட்டும் வரியில் நடப்பது. மரத்தடியில் பிள்ளை பெற்ற ஓர் ஏழைத் தாயின் வழக்கில், பிரசவ சிகிச்சை அவளது உரிமை என்று 2010-ல் டில்லி ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. பிரசவத்தில் கௌரவமாக நடத்தப்படுவதும் உரிமையே என்று 2014-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

அப்படியானால் நர்ஸ் நம் எதிரியா? இல்லை. 2015-ல் ஆயிரக்கணக்கான நர்சுகளை மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் எடுத்தது தமிழ்நாடு அரசு. 2017-ல் அவர்களும் சென்னையில் போராடினார்கள். ஆளைக் குறைத்து வேலையைக் கூட்டுகிறவர்களே முதல் குற்றவாளிகள். அதற்காக நாம் அடி வாங்கச் சம்மதிக்க முடியாது!

வெளியே சொன்னால் அவமானம் என்கிறார்கள். இதே மாவட்டத்து வாச்சாத்திப் பெண்கள், 1992-ல் அதிகாரிகள் செய்த கொடுமையைக் கோர்ட்டில் சொன்னார்கள். 2011-ல் தண்டனை விழுந்தது. 2023-ல் சென்னை ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. அவமானம் யாருக்கு?

ஆகவே நடந்ததைத் தேதியோடு எழுதுவோம். சங்கமாகச் சென்று கலெக்டரிடம் கொடுப்போம். கட்டிலுக்கு மறைப்பு, துணைக்கு ஒரு பெண், காலியிடங்களுக்கு நிரந்தர நர்சுகள், லஞ்சத்துக்குத் தண்டனை: இவை நம் கோரிக்கைகள். ஒருத்தியாய் அழுதது போதும், ஒன்றாய்க் கேட்போம்!