விதையோடு விவரமும் வாழட்டும்

(கலசப்பாக்கம் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சவ்வாது மலையில் சாமை பயிரிடுவோரும், கீழே நெல் பயிரிடுவோரும் தலைமுறைகளாகக் கண்டறிந்த விவரங்கள் பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில்தான் உள்ளன. அவர்களுக்குப் பின் விதை மட்டும் மிஞ்சினால், அதை எந்தப் பட்டத்தில், எந்த மண்ணில் விதைப்பது என்று யாரைக் கேட்பது?

திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய ரகங்களை மீட்டார். 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018-இல் அவர் மறைந்தார். பலர் வயலுக்குப் போன விதை மறையவில்லை. விவரத்தையும் இப்படியே பரப்ப வேண்டும்.

செய்முறை எளிது. ரகத்தின் பெயர், விதை தந்தவர், மண், மழை, விதைத்த நாள், பூத்த நாள், அறுத்த நாள், பூச்சி நோய், பயிர் சாய்ந்ததா என்பவற்றை அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். 1 சென்ட் அளந்து தனியே அறுத்து, காய்ந்த மணியை எடைபோட்டு 100-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் தெரியும். பொய்த்த ஆண்டையும் எழுதுங்கள். அடுத்தவருக்கு அது எச்சரிக்கை. விதை கொடுக்கும்போது குறிப்பின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

பகிர்ந்தால் உரிமை போய்விடுமோ என்று சிலர் அஞ்சுவது நியாயமே. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி உழவர் ரகங்களைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். அதற்கும் ரகத்தின் குணங்களை எழுதிக் காட்ட வேண்டும். அப்போது இந்த நோட்டே கைகொடுக்கும்.

இந்தப் பட்டத்திலேயே தொடங்குங்கள்.