ஊர்ப் பெயரும் அத்தையின் பெயரும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நம்ம பேட்ச்சிலே யாராவது ஒருத்தர் பதினைந்து நிமிஷம் பேசணும், பழைய கதையா இருந்தா நல்லது" என்று செயலாளர் போன் செய்தார். பழைய கதை என்றால் எனக்குப் பம்மல்தான். 1969-ல் பி.யூ.சி. சேர்ந்தபோது வகுப்பில் "எந்த ஊர்?" என்று கேட்டார்கள். "பம்மல்" என்றேன். "அது எங்கே இருக்கு?" என்றார்கள். 2002-ல் 'பம்மல் கே. சம்பந்தம்' என்ற சினிமா வந்த பிறகு யாரும் அப்படிக் கேட்பதில்லை. சிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்த சினிமாவுக்கு வெகு காலம் முன்பே எங்கள் ஊருக்குப் பெயர் தேடிக் கொடுத்த ஒருவர் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார். 1873-ல் பிறந்தவர். 1891-ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்து, படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறி நடிக்கலாம், அதில் கௌரவக் குறைவு இல்லை என்று காட்டியவர். வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 'மனோகரா', 'சபாபதி' இரண்டும் பிறகு சினிமாவாகவும் வந்தன. 1959-ல் பத்மபூஷண், 1964-ல் மறைவு. இதில் எனக்கு வேடிக்கையாகப் படும் விஷயம், அவர் பிறந்ததும் வளர்ந்ததும் பட்டணத்தில். பம்மல் அவருடைய முன்னோர்களின் ஊர். ஆனாலும் கடைசி வரை ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்டார். ஊரும் அவரை விடவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

எங்கள் குடும்பம் பூர்வீகமாகப் பம்மல் அல்ல. தாத்தா செய்யாறு பக்கத்துக்காரர். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் விட்டார்கள். "ரயில் ஓடற இடத்துலே பிழைப்பு ஓடும்" என்று அந்த வருஷமே மனைவியையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். ஒரு தோல் கிடங்கில் கணக்கெழுதும் வேலை. குரோம் லெதர் தொழிற்சாலையை வைத்துத்தான் குரோம்பேட்டைக்கே பெயர் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நாகல்கேணி, பம்மல் பக்கமெல்லாம் தோல் பதனிடும் இடங்கள். காற்று திரும்பினால் வீட்டுக்குள் சோறு இறங்காது. வெளியூரிலிருந்து வரும் உறவினர் மூக்கைப் பிடிப்பார்கள். நாங்கள் "என்ன நாத்தம்? ஒண்ணும் இல்லையே!" என்போம். நிஜமாகவே எங்களுக்குத் தெரியாது.

மலையில் கல் உடைக்க வெடி வைப்பார்கள், பாத்திரங்கள் அதிரும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேலே போகும். பாட்டி பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தை. ஞாயிற்றுக்கிழமை அர்க்கீஸ்வரர் கோயில். அர்க்கன் என்றால் சூரியன் என்று சொல்லிக் கொடுத்தவள் என் அத்தை. காலையில் பல்லாவரம் வரை நடந்து, ரயில் பிடித்து, குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்று மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கி, நம் கல்லூரி வாசலுக்குள் நுழைவேன். 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டு இந்தக் காட்டுக்குக் கல்லூரி வந்ததும், சில வருஷம் முன்பு தாத்தா பம்மலுக்கு வந்ததும், எனக்கு ஒரே பயணமாகத்தான் தோன்றும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் வம்சாவளிப் படம் வரைந்து வரச் சொன்னார்கள். நான் உற்சாகமாக உட்கார்ந்தேன். தாத்தா, அவருடைய அப்பா, சகோதரர்கள், பையன்கள் என்று கிளை கிளையாக எழுதினேன். இருபது பெயர் தேறியது. கடைசியில் அத்தைக்கு வந்தேன். "குன்றத்தூர் அத்தை" என்று எழுதினேன். பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது பேரா, பஸ் ரூட்டா?" என்றாள்.

சிரித்தேன். பிறகு பேனாவை வைத்துவிட்டேன். அத்தையின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

அப்பா அவரைப் "பாப்பா" என்பார். அம்மாவும் "பாப்பாம்மா"தான். தெருவில் எல்லோருக்கும் "குன்றத்தூர்க்காரம்மா". நாங்கள் பிள்ளைகள் "அத்தை". 1933-ல் பிறந்து, 1951-ல் குன்றத்தூரில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகள் இல்லாமல், சீக்கிரமே கணவரையும் இழந்து, 1984-ல் இறந்து போனார். அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் போன பிறகு கேட்க ஆளில்லை. கல்யாணப் பத்திரிகை இல்லை. மொய் நோட்டில் "தங்கச்சி" என்று இருந்தது. ஒரு போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை மட்டும் இருந்தது.

நான் உத்தியோகத்தில் இருந்தவன் அல்லவா, காகிதத்தை நம்புகிறவன். தாத்தா 1957-ல் உயில் எழுதாமல் இறந்தார். அதற்கு முந்தின வருஷம்தான் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்திருந்தது. தாத்தா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் போலவே மகளுக்கும் சம பங்கு. அப்படியானால் அத்தை ஏதாவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமே என்று தோன்றியது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்கள் பெயரால் ஒரு அட்டவணையும், சொத்தால் ஒரு அட்டவணையும் உண்டு. பெயர்தான் தெரியாது, வீட்டின் சர்வே நம்பர் தெரியும். அதை வைத்து வில்லங்கம் போட்டுப் பார்த்து, நாலைந்து தடவை நடந்து, ஒரு விடுதலைப் பத்திரத்தின் நகலை வாங்கினேன். 1958-ம் வருஷத்துப் பத்திரம்.

பத்திர எழுத்தரின் நடை உங்களுக்குத் தெரியும். குன்றத்தூர் கிராமத்தில் இன்னாரின் மனைவியும், பம்மல் கிராமம் காலஞ்சென்ற இன்னாரின் குமாரத்தியுமான, என்று இரண்டு ஆண்களைத் தாண்டி வந்த பிறகு மூன்றாவதாக அத்தையின் பெயர் இருந்தது. மஞ்சள் குங்குமத்துக்காக ரொக்கம் ரூ.101 பெற்றுக்கொண்டு, தன் பாகத்தைச் சகோதரர்களுக்கு விட்டுக் கொடுத்திருந்தார். கீழே ஒப்பம் என்று போட்டு மறுபடி அதே பெயர். அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதே வில்லங்கத்தில் அடுத்த வரியையும் படித்தேன். வீட்டை ஒட்டின காலி மனையை 1969-ல் விற்றிருக்கிறார்கள். அந்த வருஷம்தான் நான் இங்கே சேர்ந்தேன். என் சம்பளம், புத்தகம், ரயில் சீசன் டிக்கெட் எல்லாம் அந்தப் பணத்திலிருந்து வந்தது. "மனையை வித்துப் படிக்க வைச்சேன்" என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அதில் அத்தையின் பாகமும் இருந்தது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அத்தையும் சொன்னதில்லை. பொங்கலுக்கு வந்தால் என் மார்க்கைக் கேட்பார், பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுப்பார், சாயங்கால பஸ்ஸில் போய்விடுவார். "இருங்க அத்தை" என்று நான் ஒரு நாளாவது சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

அப்பாவைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா! சம்பந்த முதலியார் பட்டணத்தில் பிறந்தும் பம்மல் அவரோடு போயிற்று. எங்கள் குடும்பத்தில் அந்தத் தலைமுறையில் பம்மல் மண்ணில் பிறந்தது அத்தை ஒருவர்தான்; அப்பாவும் சித்தப்பாவும் செய்யாறு பக்கம் பிறந்தவர்கள். அந்த அத்தையிடமிருந்து ஊரும் போயிற்று, பெயரும் போயிற்று. என் பெயருக்கு முன்னால் மட்டும் ஐம்பது வருஷமாக 'ப' என்ற இனிஷியல் பம்மலுக்காக நின்றுகொண்டிருக்கிறது.

இன்றைக்குப் பம்மல் போனால் எனக்கே வழி தெரியாது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. அதற்காக நான் வருத்தப்படவில்லை. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். கல்லைச் செதுக்கினவன் யார், அவன் பெயர் என்ன என்று யாரிடம் போய்க் கேட்பது? அது போகட்டும். நாற்பது வருஷம் முன்பு நமக்கு முறுக்கு கொடுத்தவரின் பெயர் தெரியாமல் போவது அப்படியல்ல.

ஆகவே நண்பர்களே, வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். பெண்களின் பெயரை முதலில் கேளுங்கள். ஆண்களின் பெயர் பட்டாவிலும் பத்திரத்திலும் எப்படியும் கிடைத்துவிடும். போட்டோக்களின் பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள். மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். பத்திரங்களை விலைக்காக மட்டும் படிக்காமல் யார் விட்டுக் கொடுத்தார்கள் என்றும் படியுங்கள்.

அத்தையின் பெயரைக் கேட்க நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உயிரோடு இருந்தபோது கேட்டுத் தெரிந்துகொள்ளாதவன், இப்போது சபையில் சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பேத்தியின் படத்தில் 'பஸ் ரூட்'டை அடித்துவிட்டு அந்தப் பெயரை எழுதினேன். அதற்கு முன்னால் 'பம்மல்' என்றும் சேர்த்தேன். பேத்தி, "இப்ப சரி" என்றாள்.