உணவில் வரும் கிருமியை இனங்காணல்

உண்ட உணவினால் ஒரே வேளையில் பலர் நோயுறும்போது இரு வினாக்கள் எழுகின்றன. நோயை விளைத்த கிருமி எது? எந்த உணவின் வழியே அது வந்தது? விடை தாமதித்தால் நோய் பரவும். விடை தவறினால் குற்றமற்றவர் துன்புறுவர்.

2011ஆம் ஆண்டில் ஜேர்மனியின் வட பகுதியில் இவ்விரண்டுமே நேர்ந்தன. எஸ்கெரிக்கியா கோலை எனும் பற்றீரியாவின் கொடிய குலவகையொன்றினால் 3,800க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஸ்பானிய வெள்ளரிக்காய்களில் அவ்வினக் கிருமி காணப்பட்டதென ஹம்பேர்க் நகர அதிகாரிகள் அறிவிக்கவே, ஸ்பானிய உழவரின் காய்கறிகள் வாங்குவாரின்றி அழிந்தன. வெள்ளரியில் இருந்தது அதே இனத்தின் வேறொரு குலவகை என்பது சில நாட்களிலேயே தெளிவாயிற்று. நோயைப் பரப்பியது முளைகட்டிய வெந்தயமே என்பது பின்னரே புலனாயிற்று.

கிருமியை இனங்காண்பதற்கு முன்னாளில் இரசாயனச் சோதனைகள் பல செய்ய வேண்டியிருந்தது. அவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ சென்றது. இன்று திணிவு நிறமாலைமானி எனும் கருவி அதனைச் சில நிமிடங்களில் முடிக்கின்றது. வளர்த்தெடுத்த கிருமித் திரளில் சிறிதளவை உலோகத் தட்டிற் பூசி, அதன்மேல் ஒருவகைக் கரைசலை இட்டு உலர்த்துவர். லேசர் ஒளி பாய்ந்ததும் கிருமியின் புரதங்கள் மின்னேற்றம் பெற்று, வெற்றிடக் குழாயினூடே விரைகின்றன. பாரங் குறைந்தவை முன்னரும் கூடியவை பின்னரும் மறுமுனையை அடையும். அவை சென்றடையும் நேரத்தைக் கொண்டு திணிவு கணிக்கப்படுகின்றது. அத்திணிவுகள் சிகரங்களாக வரையப்பட்டு, முன்னரே சேமித்துள்ள மாதிரிகளுடன் ஒப்பிடப்படும். பெரிய மூலக்கூறுகளைச் சிதையாது மேலெழச் செய்யும் வழியொன்றைக் கண்ட ஜப்பானியரான கோயிச்சி தனாக்கா, 2002இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

எனினும், இக்கருவிக்கும் எல்லையுண்டு. கிருமியை வளர்த்தெடுக்கப் பெரும்பாலும் ஓர் இரவேனும் காத்திருத்தல் வேண்டும். அன்றியும், இனத்தை எளிதிற் கூறும் இக்கருவி குலவகையைக் கூறுவதில் இடர்ப்படுகின்றது. வயிற்றுளைவை விளைக்கும் சிகெல்லாவையும் எஸ்கெரிக்கியா கோலையையும் வேறுபடுத்துவதே இதற்கு அரிது. 2011இல் பரவிய குலவகையைக் காட்டும் இரு சிகரங்களை ஹம்பேர்க் ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆயின் எல்லாக் குலவகைகளுக்கும் அத்தகைய அடையாளம் வாய்ப்பதில்லை. அவ்விடத்துக் கிருமியின் மரபணுத் தொடர் முழுவதையும் வாசித்தே முடிவு கூறல் வேண்டும்.

ஆகவே, நோயாளிக்கு மருந்து தேர்வதற்குக் கருவியின் விரைவு பெரிதும் உதவும். ஓர் உணவின்மீதோ ஓர் உழவன்மீதோ பழி சுமத்துமுன், இனம் ஒன்றே போதாது. குலவகையும் ஒத்ததென உறுதி செய்தல் வேண்டும்.